மாப்பிள்ளை தூங்கும் மேடு

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு ரொட்டிக்கல் இருக்கிறது. கதவளவு இரும்புத் தகடு. ஒரே நேரத்தில் இருபது ரொட்டி போடலாம். நடுவில் ஒரு ஓட்டை. சுட்டுவிரலை விட்டு ஆட்டிப் பார்க்கலாம், அவ்வளவு கச்சிதமான ஓட்டை. அந்த இடத்தில் விழுகிற ரொட்டிக்கு மட்டும் நடுவில் வேகாத வெள்ளைப் பொட்டு வரும். அந்தப் பொட்டு ரொட்டி யாருக்கு என்று தினமும் அடிபிடிதான். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளை ஆறு வருசம் அங்கே நான்தான் பார்த்துக்கொண்டேன். எத்தனை பஞ்சாயத்து! தொட்டுக்கொள்ளும் உறைப்பான கட்டசம்பலைக் காட்டி, கதை சொல்லி, கடைசியில் அந்த ரொட்டியை நானே தின்று தீர்த்த நாட்களும் உண்டு.

புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், "என்னங்க இது, கல்லுல ஓட்டை?"

"அது எங்க சல்லடை அக்கா வாங்கிக் குடுத்தது" என்போம். அதற்கு மேல் சொல்ல முடியாது, சிரிப்பு வந்துவிடும். இப்போதும் சிரிக்காமல் எழுதத்தான் பார்க்கிறேன்.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கே இருந்தாலும் பஸ் ஏறி வந்து என் காதைத் திருகுவாள். குள்ளமான, உருண்டையான உடம்பு. கால் விரலில் இருந்து கண் இமை வரைக்கும் செம்மண் தூசி. சிரித்தால் பல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு அவள் பார்த்த வேலையைச் சொன்னால் கண்டியில் ஒருத்தரும் நம்புவதில்லை. நான் மஹய்யாவையில் வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை காலமாகியும் என் மாமியார் இன்னும் நம்பவில்லை.

ஹுன்னஸ்கிரிய பக்கம் எங்கள் தோட்டத்துக்கு மேலே, மலையின் தோளில், சீருடைக்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம் ஒன்று இருந்தது. ரேஞ்ச் என்போம். அவர்கள் குறி பார்க்கும் அட்டைகளுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு செம்மண் மேடு. அட்டையைத் தாண்டுகிற குண்டெல்லாம் அதற்குள் போய்ச் செருகிக்கொள்ளும். மேட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஏற்றத்தில், மேட்டுக்கு நேர் எதிரே எங்கள் பிள்ளைக்காம்பரா. அதாவது சுடுகிற துப்பாக்கிக்கும் என்னிடம் இருந்த பதினொரு பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்தது அந்த மண் ஒன்றுதான். அந்த மண்ணைச் சலிப்பதுதான் அக்காவின் வேலை.

ஆமாம், சலிப்பது. மாவு சலிப்பதைப் போலத்தான். மண்ணுக்குள் பழைய குண்டுகள் சேர்ந்துவிட்டால் புதுக் குண்டு அதில் பட்டுத் தெறிக்கும். கல் கிடந்தாலும் தெறிக்கும். எந்தப் பக்கம் தெறிக்கும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. அதனால் சுட்டு முடிந்த மறுநாள் மேட்டின் முகத்தைக் கொத்தி இறக்கி, கல்லையும் குண்டையும் பிரித்தெடுத்து, மண்ணைத் திரும்ப ஏற்றி, மண்வெட்டியின் முதுகால் தட்டி வைக்க வேண்டும். சட்டம் போட்ட பெரிய சல்லடை. மற்றவர்கள் கையால் ஆட்டுவார்கள். அக்கா கையை அசைக்கவே மாட்டாள். சல்லடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் ஒரு வெட்டு வெட்டுவாள். அந்த இடுப்பாட்டத்தைப் பார்க்கவே மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் நிரையை விட்டு எட்டிப் பார்ப்பார்கள். கங்காணி கத்துவார்.

அவளுக்கு உலகத்தில் இரண்டே வகைதான். எதிர்த்து நிற்கிறது, இடம் கொடுக்கிறது. எதிர்த்து நிற்கிற எதன் மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. இரும்பு, கொங்கிரீட், தோட்டத்துத் துரை, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

ஒருநாள் சலித்தெடுத்த குண்டுகளை முந்தானையில் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள். நிறைய குண்டுகள் தலை மழுங்கி காளான் மாதிரி இருந்தன. ஒன்று மட்டும் ஊசியாக, கறுப்பாக, ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தது. பக்கத்தில் அதன் செப்பு உறை கிழிந்து தனியாகக் கிடந்தது.

"இவரு யாரு தெரியுமா?" என்றாள்.

"யாருக்கா?"

"மாப்ள. எப்பவாச்சும்தான் வருவாரு. இரும்பத் தொளைக்கிறதுக்குன்னே செஞ்சது. வண்டி, கவசம், எல்லாத்தையும் தொளைச்சுக்கிட்டுப் போயிருவாராம். ரேஞ்சுல சேர்மாருக பேசிக்கிட்டாங்க."

"ஐயோ! அப்ப மண்ணு எப்படிக்கா தாங்கும்?"

அக்காவுக்கு இந்தக் கேள்வி போதும். சாமி வந்த மாதிரி எழும்பி நின்றுவிட்டாள்.

"இரும்பு என்னா செய்யும்? 'வாடா பாப்போம்'னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கும். மாப்ளைக்கு அதுதான் வேணும். ஒரே குத்து, ஓட்டை. மண்ணு அப்படியா? 'வாங்க மாப்ள, வாங்க, உள்ள வாங்க'ன்னு கூப்புடும். அவரும் வெறப்பா உள்ள வருவாரு. கொஞ்சம் மண்ணு இந்தப் பக்கம் தள்ளும், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளும். மாமனார் ஒரு பேச்சு, மச்சான் ஒரு பேச்சு. நேரா வந்தவரு லேசா சாஞ்சுருவாரு. சாஞ்சாருன்னா முடிஞ்சிச்சு. அவரு நேரா நிக்கிற வரைக்கும்தான் ஊசி, குறுக்க விழுந்தா வெறும் கட்டை. சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஒருக்களிச்சுத் தூங்கிருவாரு. இந்தா பாரு, தூங்குறாரு."

பிள்ளைகள் பதினொன்றும் குனிந்து, தூங்குகிற மாப்பிள்ளையைப் பார்த்தன. ஒரு பிள்ளை "ஷ்ஷ்" என்று உதட்டில் விரல் வைத்தது.

"ஆனா சும்மா மண்ணு இல்ல, பிள்ள. ஆழம் வேணும். கல்லு கூடாது. அளவா ஈரம் வேணும், சேறாவும் கூடாது. பின்பக்கம் புல்லு வேணும், இல்லாட்டி மழை கரைச்சிரும். மொகத்துல புல்லு கூடாது, எனக்குத் தெரியணும் எங்க குத்தியிருக்குன்னு." சொல்லும்போது அவள் கை தானாகக் காற்றில் மண்ணைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அக்காவும் அந்த மேடும் ஒரே அச்சு என்று எனக்கு அப்போதே தோன்றியது. ரேஞ்சுக்குப் பொறுப்பாக ஒரு அதிகாரி இருந்தார். நல்ல மனுசன்தான், ஆனால் நாளைக்கு நாற்பது கட்டளை போடுவார். அக்கா எல்லாவற்றுக்கும் "சரிங்க சேர்" என்பாள். அத்தோடு சரி. அவளுக்குள் போன கட்டளை மறுபக்கம் வெளியே வந்ததை யாரும் பார்த்ததில்லை.

உருளைக்கிழங்குக் கதையும் அப்படித்தான் நடந்தது. இந்த நாட்டில் சீருடை போட்டவர்கள் இருக்கிற இடத்தில் கல் சும்மா கிடக்காது, உங்களுக்குத் தெரியும். பாதை ஓரம், பூப்பாத்தி ஓரம், கொடிக்கம்பத்தைச் சுற்றி, எங்கே கல்லைக் கண்டாலும் வெள்ளை அடித்து வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஒரு தடவை மேலிடத்தில் இருந்து பெரிய சேர் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. பொறுப்பதிகாரிக்குக் கை கால் ஓடவில்லை. கல் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தாயிற்று, இன்னும் இரண்டு வாளி சுண்ணாம்பு மிச்சம். அவர் பார்வை மேட்டின் மேல் விழுந்தது. மேட்டின் முகத்தில் வெள்ளைக் கல்லால் 'நல்வரவு' என்று மூன்று மொழியிலும் எழுதச் சொல்லிவிட்டார்.

மேட்டின் முகத்தில்! குண்டு வந்து குத்துகிற அதே இடத்தில்! வருசக்கணக்காக ஒரு மிளகளவு கல்லைக்கூட விடாமல் பொறுக்கியவளிடம் போய்!

"சரிங்க சேர்" என்றாள் அக்கா.

அன்று பின்னேரம் ஹுன்னஸ்கிரிய கடைத்தெருவில் அவளோடு நானும் நின்றேன். மளிகைக்கடை நானாவிடம் முளை விட்ட உருளைக்கிழங்கு ஒரு மூட்டை கேட்டாள்.

"முளைச்ச கிழங்கா? அத எறியத்தானே வெச்சிருக்கேன். உங்களுக்கு என்னத்துக்கு, தாத்தா?" என்றார் நானா. வயதில் மூத்த பெண்களை முஸ்லிம் ஆட்கள் தாத்தா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"வெள்ளையடிக்க."

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுண்ணாம்பு அடித்த உருளைக்கிழங்குக்கும் சுண்ணாம்பு அடித்த கல்லுக்கும் பத்தடி தள்ளி நின்றால் எந்த வித்தியாசமும் தெரியாது. மூன்று மொழியிலும் கிழங்கு பளபளத்தது. பெரிய சேர் வந்தார், பார்த்தார், மெச்சினார். பொறுப்பதிகாரிக்கு வாயெல்லாம் பல். பிறகு பெரிய சேருக்கே ஒரு ஆசை வந்து, துப்பாக்கியை வாங்கிக் குறிபார்த்துச் சுட்டார். அட்டையைத் தாண்டிப் போன குண்டு தமிழ் எழுத்தில் பட்டது. 'வ' சிதறியது. பெரிய சேர் கிட்டே போய்ப் பார்த்தார். மண்ணில் கிழங்குக் கூழ். விரலால் தொட்டார், மோந்தார்.

"அக்கே, இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். அக்காவின் சிங்களம் முக்கால்வாசி தமிழ். அதனால் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"கிழங்குங்க சேர். கல்லு வெச்சா உங்க குண்டு உங்ககிட்டயே திரும்பி வரும். கிழங்குன்னா வராது."

பெரிய சேர் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து ஒரு கிழங்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பொறுப்பதிகாரி ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் நிம்மதியாக இருந்தது என்று அக்கா சொன்னாள்.

பின்னால் நடந்த என் கல்யாணத்துக்கும் மண்தான் கொண்டுவந்தாள். எல்லாரும் பாத்திரம், புடவை என்று நிற்க, அவள் ஒரு உரப்பையைத் தோளில் சுமந்துகொண்டு மஹய்யாவையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். சலித்த மண். பூச்சட்டியில் போடு என்றாள். காதுக்குள் வேறொன்றும் சொன்னாள்: "மாமியா ஏசுனா இத நெனச்சுக்க. உள்ள வாங்கு. வெளிய விடாத." நானும் முயன்று பார்த்தேன், எனக்கு வரவில்லை. நான் தகரம். ஒரு சொல் பட்டாலும் ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவேன். ஆனால் அந்தச் சட்டியில் ரோஜா நன்றாகப் பூக்கிறது.

சரி, தகட்டின் கதைக்கு வருகிறேன்.

கிழங்கு நடந்து ஒரு வருசம் இருக்கும். கொழும்பில் இருந்து ஒரு இன்ஜினியர் ஐயா வந்தார். மலைக்குளிரிலும் அவருக்கு வியர்த்தது. மண்மேடு எல்லாம் பழைய காலம், இனி இரும்புத் தகடுதான், எந்தக் குண்டையும் தாங்கும் என்றார். முதலில் ஒரு தகட்டை நிறுத்திப் பெரிய சேர் முன்னால் சுட்டுக் காட்டுவது, சரியாக வந்தால் நீளத்துக்குத் தகட்டுச் சுவர் எழுப்புவது என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் மேட்டை விட்டு வைத்திருக்கலாம். ஆனால் பொறுப்பதிகாரிக்கு அன்றைக்கு வருகிற ஜீப்புகளை நிறுத்த இடம் இல்லையாம். வியாழக்கிழமை மண் அள்ளுகிற ஒரு பெக்கோ மெசினைக் கூப்பிட்டு மேட்டை முக்கால்வாசி வழித்து, மண்ணை ஒரு ஓரமாகக் குவித்துவிட்டார். பரவிச் சமப்படுத்துவதற்குள் மெசினுக்கு வேறு எங்கேயோ அழைப்பு வந்து போய்விட்டது.

அன்றைக்குப் பின்னேரம் பிள்ளைக்காம்பரா வாசலில் இருந்து பார்த்தேன். அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாத ரேஞ்சின் கொடிக்கம்பமும், தகடு நிற்கிற சட்டமும், அதற்கும் அப்பால் சுடுகிற ஆட்கள் படுக்கிற இடமும் நேராகத் தெரிந்தன.

அக்கா பொறுப்பதிகாரியிடம் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் 'சரிங்க சேர்' சொல்லவில்லை.

"சேர், அங்கிட்டுப் பிள்ளைக்காம்பரா இருக்குங்க."

"வரைபடத்துல தேயிலைன்னுதானே போட்டிருக்கு?"

"தேயிலைக்கு நடுவுல பிள்ளைகளும் இருக்குங்க சேர்."

"அக்கே, பிளேட் இருக்குத்தானே!"

தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னோம். கடிதம் எழுதித் தாருங்கள், மேலே அனுப்புகிறோம் என்றார்கள். திங்கட்கிழமை சுடப் போகிறார்கள். கடிதம் எப்போது மலையேறிப் போய் எப்போது இறங்குவது!

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை. காலையில் எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் எல்லாக் கதவையும் அக்கா தட்டினாள். "கூடைய எடுங்க. கொழுந்து இல்ல, இன்னைக்கு மண்ணு." பதினொரு அம்மாமாரும் வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்களும் வந்தார்கள். கூடைக்குள் உரப்பையை விரித்து மண்ணை நிரப்பி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நடையாய் நடந்தோம். எங்களுக்குக் கூடை புதுசா, ஏற்றம் புதுசா? ஒருத்தி பாட்டை எடுத்துவிட்டாள், பின்னால் எல்லாரும் வாங்கினோம். காவலுக்கு நின்ற மனுசர் ஓடி வந்தார்.

"ஏய், ஏய், என்ன இது?"

"சோடனைங்க சேர்!" என்றாள் அக்கா. "பெரிய சேர் வர்றாரில்ல? மேடை போடுறோம். ரொட்டி சாப்புடுறீங்களா?"

சோடனை என்றால் அலங்காரம், சீருடைக்காரர்களுக்கு அந்தச் சொல் விளங்கும். அவர் ரொட்டியைத் தின்று, பால் இல்லாத பிளேன்டியும் குடித்துவிட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது என்று எங்களுக்கே யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார். பின்னேரம் மேடு திரும்ப எழும்பி நின்றது. முழுசாக இல்லை, முக்கால் மேடு. அதன் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, உச்சியில் தென்னங்குருத்துத் தோரணம் தொங்கவிட்டோம். சத்தியமாகக் கல்யாண மேடை மாதிரியே இருந்தது. "மாப்ள வரப் போறாருல்ல" என்றாள் ஒருத்தி. சிரித்துச் சிரித்து எனக்குக் கூடை கவிழ்ந்தது.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு கம்பியை எடுத்து மேட்டில் குத்திப் பார்த்தாள். கம்பி சர்ரென்று உள்ளே போனது. இன்னொரு இடத்தில் குத்தினாள். அங்கும் அப்படித்தான்.

"என்னக்கா?"

"புது மண்ணு, பிள்ள. இன்னும் ஒன்னோட ஒன்னு பழகல. ஒரு மழைக்காலம் ஆகும்." கொஞ்சம் நின்று, "சலிக்கவும் இல்ல" என்றாள். அவள் முகத்தில் பயத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். லேசாகத் தூறல் போட்டது. அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மேகத்திடம் கேட்டுக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லாரும் காலால் மேட்டை மிதித்தோம்.

திங்கட்கிழமை சுடுவது பின்னேரம் இரண்டு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு கொடுத்து, பிள்ளைகளைக் கோவிலுக்குக் கூட்டிப் போய்விடுவது என் திட்டம். பெரிய சேருக்கு என்ன அவசரமோ, பத்து மணிக்கே ஜீப் வந்து நின்றது. திரும்ப எழும்பிய மேட்டைப் பார்த்துக் கத்தவும் பொறுப்பதிகாரிக்கு நேரம் இல்லையாம். எனக்குத் தெரிந்தபோது சிவப்புக் கொடி ஏறிவிட்டது. கொடி ஏறினால் பாதையில் யாரும் நடமாடக் கூடாது. பாதை மலை விளிம்பில் திறந்த வெளியாகப் போகிறது, அங்கே மேட்டின் மறைப்பும் இல்லை. இருக்கிற இடத்தில் இருப்பதுதான் ஒரே வழி. பதினொரு பிள்ளைகளையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அக்கா. கொடியைக் கண்டதும் மேட்டின் பின்பக்கமாகச் சறுக்கி, பள்ளத்தில் விழுந்து எழும்பி ஓடி வந்திருக்கிறாள். புடவையெல்லாம் மண், கையில் சல்லடை.

"நீங்க ஏன்க்கா இங்க வந்தீங்க? அங்க இருந்திருக்கலாமே!"

"நான் அள்ளிப் போட்ட மண்ணுக்குப் பின்னால நானே உக்காராட்டி வேற யாரு உக்காருவா?" என்றாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "யாரெல்லாம் ரயில்ல போறது?"

எல்லாரும் போகத் தயார். அக்கா மேட்டைப் பார்த்த சுவருக்கு நேராக நிலத்தில் உட்கார்ந்தாள். அவள்தான் இஞ்சின். அவள் இடுப்பைப் பிடித்து ஒரு பிள்ளை, அதன் பின்னால் இன்னொரு பிள்ளை என்று பதினொன்றும் வரிசையாக உட்கார்ந்தன. கடைசிப் பெட்டி நான். சுவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் அவள் உடம்பு. எனக்கு அது அந்த நேரமே விளங்கிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த பிள்ளையின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கண்டி ஸ்டேசன்! கூஊஊ! ரயிலு பேராதனைக்குப் போகுது!"

டங்!

"அக்கா, என்ன சத்தம்?"

"தண்டவாளம் மாத்துறாங்க. கூஊஊ!"

டங். டங். டங். சாதாரணக் குண்டுகள், தகடு தடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு டங்குக்கும் துள்ளிச் சிரித்தன. அக்கா கூவிக்கொண்டே தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கே அமைதி. ஏதோ மாற்றுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அக்காவும் கூவுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்து வந்தது டங் இல்லை. ணக் என்று ஒரு சின்னச் சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்று: தொப்.

அவ்வளவுதான். சுவரில் ஒன்றும் விழவில்லை. கூரையில் ஒன்றும் விழவில்லை. தேயிலைக்குள் ஒரு குருவி கத்தியது.

"பேராதனை வந்துருச்சு" என்றாள் அக்கா. "எல்லாரும் எறங்கலாம்."

அவள் இடுப்பைப் பிடித்திருந்த பிள்ளை விடவில்லை. "அக்கா, நீங்க நடுங்குறீங்க."

"ரயிலு நின்னா நடுங்கத்தான் செய்யும், கண்ணு" என்றவள், சல்லடையைத் தூக்கிக்கொண்டு எழும்பி ஓடிவிட்டாள். சிவப்புக் கொடி இன்னும் இறங்கவில்லை. அந்தம்மா கொடியையா பார்க்கப் போகிறாள்!

அங்கே நடந்ததில் மேட்டின் உச்சியில் தெரிந்ததை மட்டும் நான் வாசலில் நின்று பார்த்தேன், மீதியை அக்கா நூறு தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள். தகட்டின் நடுவில் சுத்தமான ஓட்டை. இன்ஜினியர் ஐயா அதற்குள் விரலை விட்டு விட்டு எடுக்கிறார். பொறுப்பதிகாரி வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெரிய சேர் கேட்கிறார், "குண்டு எங்கே?" யாருக்கும் தெரியவில்லை. அக்கா மேட்டில் ஏறி, மண்ணில் இருந்த குழியைக் கையாலேயே தோண்டினாள். முழங்கை வரைக்கும் போனது. தோள் வரைக்கும் போனது. கையை எடுத்து விரித்துக் காட்டினாள்.

"தூங்குறாருங்க சேர்."

பெரிய சேர் அவளைப் பார்த்தார். "நீ கிழங்கு அக்காதானே?"

"ஆமாங்க சேர்."

"மேட்டை எடுத்தாச்சுன்னு எனக்கு எழுதியிருக்காங்க. இந்த மண்ணை யார் திரும்பப் போட்டது?"

பொறுப்பதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்.

"அது மேடு இல்லீங்க சேர்" என்றாள் அக்கா. "சோடனை."

பெரிய சேர் தோரணத்தைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார். "இதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"ஏறிப் பாருங்க சேர்."

பளபளக்கிற சப்பாத்து புது மண்ணில் புதைய புதைய அவர் ஏறினார். நான் அப்போதுதான் பிள்ளைகளை வாசலுக்கு விட்டிருந்தேன். தென்னங்குருத்துக்கு நடுவில் திடீரென்று ஒரு தொப்பி எழும்பியது, அதற்குக் கீழே ஒரு முகம். என் பிள்ளைகளுக்கு எந்த மனுசரைக் கண்டாலும் ஒரே பழக்கம்தான். பதினொன்றும் கையைத் தூக்கி, "டாட்டா!" என்று கத்தின.

அந்த மனுசர் அசையவில்லை. தொப்பியைக் கழற்றினார். எத்தனை நேரம் அப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குக் கை வலித்து இறக்கிவிட்டன. பிறகு கீழே பார்த்து ஏதோ சொன்னார். தகட்டைக் கழற்றிவிட்டு மேட்டை முன்பைவிட உயர்த்தச் சொன்னாராம். கழற்றிய தகட்டை என்ன செய்வது என்று யாரோ கேட்க, ரொட்டிக்கு நல்லா இருக்கும் சேர் என்று அக்கா சொன்னாளாம்.

ஆனால் எனக்கு மறக்காதது அதற்குப் பிறகு நடந்ததுதான். பெரிய சேர் அக்காவின் கையில் இருந்த சல்லடையை வாங்கினார். "எப்படிச் சலிக்கிறது?" என்று கேட்டு, ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிப் போடச் சொல்லி, கையால் ஆட்டினார். அக்காவின் குரல் பள்ளத்தைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

"அப்படி இல்லீங்க சேர்! இடுப்ப ஆட்டணும்! இடுப்ப!"

மேட்டின் உச்சியில், தோரணத்துக்குக் கீழே, நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திய ஒரு மனுசர் சல்லடையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். பதக்கமெல்லாம் கிலுகிலுத்திருக்கும். பக்கத்தில் நின்று அக்கா ஆடிக் காட்டினாள். இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் வரிசையாக நின்று, அவர்களைப் பார்த்து இடுப்பை ஆட்டத் தொடங்கின. நான் சிரித்துக்கொண்டே எண்ணினேன். பதினொன்று. கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினேன்.